பைத்தான் தொடங்கத் திணறுகிறதா, நினைவகத்தை விழுங்குகிறதா? படிப்படியாகத் தேடிப் பிடிக்கும் வழி

ஒரே ஒரு வரியை அச்சிடும் நிரல் இரண்டு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் தருகிறது. காலையில் 200 எம்பி-யில் தொடங்கிய சேவை மாலைக்குள் 3 ஜிபி-யைத் தொட்டு, ஒரு பிழைச்செய்திகூடக் காட்டாமல் நின்றுபோகிறது. பைத்தானில் கைவைக்கும் எவரும் என்றாவது இந்த இரண்டையும் சந்திப்பார்கள். சந்தித்ததும் கை பரபரக்கும்: நூலகத்தை மாற்றலாமா, பதிப்பை உயர்த்தலாமா, பயனற்றுப்போன பொருள்களை நீக்கும் குப்பை அகற்றியை நிறுத்திப் பார்க்கலாமா என்று. அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். போகிற நேரம் யாருடையது, நிற்கிற நினைவகம் யாருடையது? நிரலைப் படித்து இயக்கும் இன்டர்பிரட்டருடையதா, நிறுவலுடையதா, உங்கள் நிரலுடையதா? இதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே சொல்வது எல்லாம் சிபைத்தானுக்கு, அதாவது பெரும்பாலோர் பயன்படுத்தும் வழக்கமான பைத்தானுக்கு. கட்டளைகள் லினக்ஸுக்கு உரியவை. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். முனையத்தில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று சொல்லும் இடங்களில் கவனம் வேண்டும். பெரிய எக்ஸ் கூடுதல் வசதிகளைத் திறக்கும். சின்ன எக்ஸோ உங்கள் நிரலின் முதல் வரியைத் தாண்டிவிடும். பெரிய ஐ இன்டர்பிரட்டரைத் தனிமைப்படுத்தும். சின்ன ஐ உரையாடல் நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தும்.

முதலில் தொடக்க நேரம்

வெறும் இன்டர்பிரட்டர் எழுந்து உட்கார எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்:

டைம் பைத்தான்3 -சி "பாஸ்"

பத்துமுறை ஓட்டி, முதல் அளவைத் தள்ளிவிடுங்கள். முதல்முறை கோப்புகள் வட்டிலிருந்து வருகின்றன. அடுத்தடுத்த முறை கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, தன் நினைவகத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கும். எஸ்எஸ்டி உள்ள சாதாரண மடிக்கணினியில் இது 10 முதல் 30 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும். இப்போது அதையே இன்னும் மூன்று விதமாக ஓட்டுங்கள்: பெரிய ஐ-யும் பெரிய எஸ்-உம் சேர்த்து ஒருமுறை, பெரிய ஐ மட்டும் போட்டு ஒருமுறை, கடைசியாக உங்கள் நிரலையே ஒருமுறை.

நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் குற்றவாளி இருக்கும் வீதி தெரிந்துவிடும்.

பெரிய ஐ, பெரிய எஸ் இரண்டும் போட்ட ஓட்டமே மெதுவாக இருந்தால் உங்கள் நிரலையும் நிறுவிய நூலகங்களையும் சந்தேகிக்க வேண்டாம். சிக்கல் அதற்கும் கீழே. பைத்தான் வலையமைப்பு வட்டில் நிறுவப்பட்டிருக்கலாம். விண்டோஸ் என்றால் வைரஸ் எதிர்ப்பு நிரல் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கலாம். மூலத்திலிருந்து நீங்களே கட்டிய பைத்தான் என்றால் "வித் பைடீபக்" என்ற தேர்வோடு கட்டியிருக்கலாம். அது பிழை தேடுவதற்கான கட்டு, வேகத்துக்கானது அல்ல. இன்னொன்றையும் பாருங்கள்: "டைப் -ஏ பைத்தான்3" என்று கேட்டால் எந்தக் கோப்பு ஓடுகிறது என்று தெரியும். பைஎன்வ் போன்ற பதிப்பு மேலாளர்கள் பைத்தான் என்ற பெயரில் ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்டை வைத்திருப்பார்கள். எந்தப் பதிப்பை அழைப்பது என்று அது முடிவு செய்யும் நேரமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். உண்மையான பைத்தான் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இரண்டும் சேர்ந்தபோது வேகமாகவும், பெரிய ஐ மட்டும் போட்டபோது மெதுவாகவும் இருந்தால் கை நீட்ட வேண்டியது சைட் என்ற மாட்யூலை நோக்கி. பெரிய எஸ் நிறுத்திவைப்பது அதைத்தான். தொடக்கத்தில் தானாக ஓடும் அது, சைட்-பேக்கேஜஸ் கோப்புறையில் .பிடிஎச் என்று முடியும் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறது. அந்தக் கோப்புகளில் "இம்போர்ட்" என்று தொடங்கும் வரி இருந்தால், அதை நிரலாகவே இயக்கும். நீங்கள் அந்த நூலகத்தை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், பைத்தான் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது நடக்கும். புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. அந்தக் கோப்புறையில் .பிடிஎச் கோப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். சைட்கஸ்டமைஸ் என்ற பெயரில் மாட்யூல் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்காணிப்புக் கருவிகள் இந்த வழியாகத்தான் நுழைவது வழக்கம்.

பெரிய ஐ போட்டால் வேகம், வெறுமனே ஓட்டினால் மெதுவு என்றால் காரணம் சூழல் மாறிகளிலோ பயனர் கோப்புறையிலோ இருக்கிறது. பைத்தான்பாத் மாறியில் பத்துக் கோப்புறைகளை அடுக்கி வைத்திருந்தால், ஒவ்வொரு இம்போர்ட்டும் அந்த வரிசைப்படியே தேடும். அவற்றில் ஒன்று வலையமைப்பு வட்டில் இருந்தால் அந்த ஒன்றே போதும், எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்க.

மற்ற மூன்றும் வேகமாக இருந்து உங்கள் நிரல் மட்டும் மெதுவு என்றால் (நடைமுறையில் பெரும்பாலும் இதுதான்) இம்போர்ட்களை அளக்க வேண்டும்.

இம்போர்ட்களை அளப்பது

பைத்தான் 3.7 முதல் இதற்கு உள்ளேயே கருவி இருக்கிறது:

பைத்தான்3 -எக்ஸ் இம்போர்ட்டைம் நிரல்.பிஒய் 2> நேரம்.டெக்ஸ்ட்

எக்ஸ் பெரிய எழுத்து. வெளியீடு பிழை ஓடையில் வருவதால்தான் 2> என்று திருப்புகிறோம். கோப்பில் மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்): அந்த மாட்யூல் தனக்கு மட்டும் எடுத்த நேரம், அது இழுத்து வந்தவற்றையும் சேர்த்த நேரம், மாட்யூலின் பெயர். நேரம் மைக்ரோநொடியில், 1000 மைக்ரோநொடி ஒரு மில்லிநொடி. வரிசையைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்கவும்: குழந்தைகள் மேலே, தாய் கீழே. ஒரு மாட்யூல் முழுதும் ஏறி முடிந்த பிறகே அதன் வரி அச்சாகிறது.

சார்ட் -டி '|' -கே2 -என் நேரம்.டெக்ஸ்ட்

என்று இரண்டாவது பத்தியால் வரிசைப்படுத்தினால் கனமானவை அடியில் வந்து நிற்கும். இரண்டாவது பத்தி பெரிதாகவும் முதல் பத்தி சிறிதாகவும் இருந்தால் அந்த மாட்யூல் வெறும் வாசல். குற்றவாளி அது அழைத்தவர்களில் ஒருவர். முதல் பத்தியே பெரிது என்றால் மாட்யூலின் மேல்மட்டத்திலேயே வேலை நடக்கிறது: கோப்பு படிப்பது, தரவுத்தளத்தில் இணைவது, பெரிய அட்டவணை கட்டுவது. இம்போர்ட் செய்யும்போதே தரவுத்தளத்தில் இணையும் நிரலை எழுதாதீர்கள். அதை ஒரு ஃபங்ஷனுக்குள் தள்ளி, தேவைப்படும்போது அழையுங்கள்.

கனமான நூலகம் ஒரு சில துணைக்கட்டளைகளுக்கு மட்டுமே தேவை என்றால் இம்போர்ட் வரியை அந்த ஃபங்ஷனுக்குள் நகர்த்தலாம். வகைக்குறிப்புக்காக மட்டும் இழுத்து வந்த மாட்யூல்களை டைப்பிங் மாட்யூலின் டைப்-செக்கிங் நிபந்தனைக்குள் வைத்தால் ஓடும்போது அவை ஏறவே ஏறாது. அடிக்கடி கூப்பிட்டு உடனே முடியும் முனையக் கருவிகளுக்கு இது நல்ல வைத்தியம். நாள்முழுதும் ஓடும் வலைச்சேவைக்கு இதைச் செய்ய வேண்டாம்: தொடக்கத்தில் மிச்சம் பிடித்த அரை நொடியை முதல் பயனரின் தலையில் கட்டுவதாகிவிடும். நூலகம் நிறுவப்படவே இல்லை என்ற பிழையும் தொடக்கத்தில் தெரியாமல் நள்ளிரவில் தெரியவரும்.

பழைய முனையக் கருவிகளில் பிகேஜி-ரிசோர்சஸ் என்ற மாட்யூல் பட்டியலின் அடியில் வந்து நிற்பதைப் பார்க்கலாம். நிறுவிய எல்லாத் தொகுப்புகளையும் அது ஏற்றும்போதே ஆராய்கிறது. தொகுப்புகள் கூடக்கூட நேரமும் கூடும். பைத்தான் 3.8 முதல் இருக்கும் இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா அந்த வேலையின் பெரும்பகுதியைக் குறைந்த செலவில் செய்யும்.

பைத்தானிலேயே எழுதப்பட்ட எழில் நிரல்மொழியைப் போல ஒரு இன்டர்பிரட்டர் மேல் இன்னொன்று ஓடும் இடத்தில் இரண்டு தொடக்க நேரங்களும் கூடும். அங்கேயும் அளக்கும் முறை இதேதான்.

பைட்கோடு எங்கே போனது?

இம்போர்ட் பட்டியலில் ஒருவர் மட்டும் கனமாக இல்லாமல் எல்லா மாட்யூல்களும் கொஞ்சம் கொஞ்சம் மெதுவாக இருந்தால் சந்தேகம் பைட்கோடு மேல் திரும்ப வேண்டும். மாட்யூலை முதல்முறை இம்போர்ட் செய்யும்போது பைத்தான் அதைப் பைட்கோடாக, அதாவது இன்டர்பிரட்டர் நேரடியாக ஓட்டும் வடிவமாக, மாற்றிப் பைகேச் கோப்புறையில் .பிஒய்சி கோப்பாகச் சேமிக்கிறது. அதன் முதல் 16 பைட்டில் பதிப்பு எண், கொடிகள், மூலக்கோப்பின் மாற்ற நேரம், அளவு ஆகியவை உண்டு. மாற்ற நேரமோ அளவோ பொருந்தாவிட்டால் பழையதை ஒதுக்கிவிட்டு மீண்டும் மாற்றுகிறது. கோப்புறையில் எழுத அனுமதி இல்லை என்றால்? ஒவ்வொரு முறையும் மாற்றி, ஒவ்வொரு முறையும் தூக்கிப் போடும். ஒரு வார்த்தைகூட எச்சரிக்காது.

நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டி ஓட்டும் கண்டெய்னர்களில் இது சர்வசாதாரணம். டாக்கர்ஃபைலில் பைத்தான்-டோன்ட்-ரைட்-பைட்கோடு மாறியை 1 என்று வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கண்டெய்னரின் உருவம் (இமேஜ்) சிறிதாகும், சரி. ஆனால் கண்டெய்னர் எழும் ஒவ்வொரு முறையும் உங்கள் மாட்யூல்கள் புதிதாக மாற்றப்படும். தொகுப்புகளை நிறுவும் கருவிகளில் பிப் நிறுவும்போதே பைட்கோடை உருவாக்கிவிடுகிறது; யூவி இயல்பாக அதைச் செய்வதில்லை, கேட்டால்தான் செய்யும். பிப்பிலிருந்து யூவிக்கு மாறியதும் கண்டெய்னரின் முதல் தொடக்கம் கனத்துப்போனால் பெரும்பாலும் இதுதான் காரணம். உருவம் கட்டும்போதே ஒருமுறை

பைத்தான்3 -எம் கம்பைல்ஆல் கோப்புறை

என்று ஓட்டிவிட்டால் தீரும். சரியாகிவிட்டதா என்று பார்க்கச் சின்ன வி போட்டு ஓட்டுங்கள். மாட்யூல்கள் .பிஒய்சி-யிலிருந்து வந்தால் "மேட்ச்சஸ்" என்ற வரிகள் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்திலும் "ரோட்" என்ற வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஒன்று மூலக்கோப்பின் மாற்ற நேரத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது.

நேரடியாக ஓட்டும் முதன்மைக் கோப்புக்குப் பைட்கோடு சேமிக்கப்படுவதே இல்லை. 5000 வரி நிரலை ஒரே கோப்பில் வைத்து ஓட்டினால் 5000 வரியும் ஒவ்வொரு முறையும் மாற்றப்படும். முதன்மைக் கோப்பை நாலைந்து வரியோடு நிறுத்தி, மற்றதை மாட்யூலுக்கு நகர்த்துங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் நேரம் போகும் இடம் தெரியவில்லை என்றால் "ஸ்ட்ரேஸ் -எஃப் -டி" (டி பெரிய எழுத்து) போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கெர்னல் அழைப்பும் எடுத்த நேரம் வரியின் கடைசியில் இருக்கும். 2016-ல் டெபியன் லினக்ஸில் கணினி துவங்கும் கட்டத்தில் பைத்தான் 3.5 ஸ்கிரிப்ட் உறைந்து நின்றதற்குக் காரணம் இப்படிப்பட்ட ஒற்றை அழைப்புதான். ஹாஷ் விதைக்காகப் பைத்தான் கெர்னலிடம் தற்செயல் எண் கேட்டது. கெர்னலிடம் அப்போது போதிய தற்செயல்தன்மை சேர்ந்திருக்கவில்லை, அது சேரும்வரை காத்திருந்தது. 3.5.2-ல் அதைச் சரிசெய்தார்கள்.

பதிப்பை உயர்த்துவது கடைசியில். 3.11-ல் அடிப்படை மாட்யூல்களை இன்டர்பிரட்டருக்குள்ளேயே உறையவைத்ததால் தொடக்கம் 10 முதல் 15 சதவீதம் வேகமானது. நல்ல லாபம்தான், ஆனால் இரண்டு நொடி எடுக்கும் நிரலை அது காப்பாற்றாது.

நினைவகம்: உண்மையில் கசிகிறதா?

நிரல் செத்த விதத்தை முதலில் பாருங்கள். வெளியேறும் எண் 137 என்றால் 128 + 9: யாரோ ஒன்பதாம் சிக்னல் கொடுத்துக் கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் நினைவகம் தீர்ந்து கெர்னலே கொன்றிருக்கும். "டிமெசேஜ்" பதிவில் தெரியும். 139 என்றால் 128 + 11: செக்மென்டேஷன் ஃபால்ட், அது வேறு நோய், கடைசியில் வருகிறது. மெமரிஎரர் என்று பைத்தானே சொல்லிவிட்டு நின்றால் நீங்கள் பாக்கியசாலி. வரி எண்ணும் சேர்ந்து வரும்.

அடுத்து, கசிவுதானா, அதாவது வேலை முடிந்த பிறகும் நினைவகம் விடுபடாமல் தேங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள். சந்தேகத்துக்குரிய வேலையை ஒரு லூப்பில் 1000 முறை ஓட்டி, 100 சுற்றுக்கு ஒருமுறை /ப்ராக்/செல்ஃப்/ஸ்டேட்டஸ் கோப்பில் விஎம்ஆர்எஸ்எஸ் மதிப்பை (நிரல் அந்த நேரத்தில் பிடித்திருக்கும் நினைவகம்) குறியுங்கள். ரிசோர்ஸ் மாட்யூலின் மேக்ஸ்-ஆர்எஸ்எஸ் இதற்கு உதவாது: அது இதுவரை தொட்ட உச்சம், ஒருநாளும் இறங்காது. அலகும் லினக்ஸில் கிலோபைட், மேக்ஓஎஸ்ஸில் பைட். 1024 மடங்கு தவறாகக் கணக்கிட்டுப் பதறுகிறவர்கள் உண்டு.

ஏறி, ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் அது கசிவு அல்ல. சுற்றுக்குச் சுற்று ஒரே அளவில் ஏறிக்கொண்டே போனால் கசிவு. 1000 சுற்றில் 40 எம்பி ஏறினால் சுற்றுக்குச் சுமார் 40 கேபி. உங்கள் வேலையில் 40 கேபி அளவில் என்ன இருக்கிறது என்று யோசித்தாலே சில நேரம் விடை வந்துவிடும்.

கசிவு இல்லாமல் வெறுமனே பெரிதாக இருக்கும் நிரல்களும் உண்டு. 64 பிட் பைத்தானில் ஒரு சாதாரண முழு எண் 28 பைட்; லிஸ்ட்டில் வைக்க முகவரிக்கு 8 பைட். 10 லட்சம் வெவ்வேறு எண்கள் கொண்ட லிஸ்ட் சுமார் 36 எம்பி. அர்ரே மாட்யூலில் 8 பைட் எண்களாக வைத்தால் 8 எம்பி. சிஸ்.கெட்சைஸ்ஆஃப் சொல்லும் அளவை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். லிஸ்ட்டின் சட்டகத்தை மட்டும் அது அளக்கும், உள்ளே இருப்பவற்றை எண்ணாது.

கசிவு என்று உறுதியானால், நினைவகம் எந்த வரியில் ஒதுக்கப்பட்டது என்று குறித்துவைக்கும் ட்ரேஸ்மாலாக் மாட்யூல். பைத்தான் 3.4 முதல் கூடவே வருகிறது. "-எக்ஸ் ட்ரேஸ்மாலாக்=10" என்று தொடங்குங்கள். 50 சுற்று ஓடி நிரல் சூடான பிறகு முதல் ஸ்னாப்ஷாட் (அந்நேர நிலவரத்தின் பதிவு). 500 சுற்று கழித்து இரண்டாவது. தொடக்கத்திலேயே எடுத்தால் இம்போர்ட்களும் கேச்களும் பட்டியலை நிறைத்துவிடும். இரண்டாவதன் கம்பேர்-டூ வழியாக வரிவாரியாக ஒப்பிட்டு முதல் பத்தைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ட்ரேஸ்மாலாக் காட்டுவது அந்த நினைவகம் பிறந்த வரியை. அதைப் பிடித்துவைத்திருக்கும் வரி வேறெங்கோ இருக்கும். ஜேசன் படிக்கும் வரியை அது காட்டினால் ஜேசன் மாட்யூலில் குறை என்று அர்த்தம் இல்லை. படித்ததை யாரோ விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்த யாரோவைக் கண்டுபிடிக்க ஜிசி.கெட்-ரெஃபரர்ஸ். தேங்கியிருக்கும் பொருளில் ஒன்றைக் கொடுத்தால் அதைப் பிடித்திருப்பவர்களைத் தரும். நீங்கள் தேடுவதற்காக உருவாக்கிய மாறிகளும் அதில் வரும். அவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

பிடித்துவைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தெரிந்த முகங்களே. எல்லை இல்லாமல் வளரும் உலகளாவிய டிக்ஷனரி. பட்டியலில் சேர்த்து வைத்த எக்செப்ஷன்கள்: ஒவ்வொன்றும் தன் ட்ரேஸ்பேக்கையும் (பிழை வந்த அழைப்பு வழி), அது ஃப்ரேம்களையும் (ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பின் நிலை), அவை உள்ளூர் மாறிகள் அத்தனையையும் பிடித்திருக்கும். பெரிய நம்பை அர்ரேயிலிருந்து வெட்டி எடுத்த சின்னத் துண்டு: துண்டு உயிரோடு இருக்கும்வரை முழு அர்ரேயும் இருக்கும், நகல் எடுத்து வைத்தால் விடுபடும். முன் விடைகளைச் சேமித்துவைக்கும் எல்ஆர்யூ-கேச் போட்ட மெத்தட்: அது செல்ஃபையும் சேர்த்தே சேமிப்பதால், பொருளை நீங்கள் கைவிட்டாலும் கேச் கைவிடாது. இயல்பான எல்லை 128. எல்லையை நன் (எல்லையே இல்லை) என்று வைத்தவர்களுக்குத்தான் உண்மையான ஆபத்து.

ட்ரேஸ்மாலாக் அசையாமல் நிற்கிறது, விஎம்ஆர்எஸ்எஸ் மட்டும் ஏறுகிறது. இப்போது இரண்டு சாத்தியம். ஒன்று, சி-யில் எழுதிய நூலகம் தானே நினைவகம் வாங்கித் திருப்பித் தராமல் இருக்கிறது. ட்ரேஸ்மாலாக்கின் கண்ணுக்கு அது தெரியாது. மெம்ரே என்ற கருவி நேட்டிவ் ஒதுக்கீடுகளையும் பார்க்கும். இரண்டாவது, துண்டாடல். 512 பைட்டுக்கு உட்பட்ட பொருள்களைப் பைத்தான் தன் சொந்த அரீனாக்களில், அதாவது மொத்தமாக வாங்கிவைத்த நினைவகக் கட்டிகளில், வைக்கிறது. 3.10 முதல் 64 பிட் கணினியில் ஓர் அரீனா 1 எம்பி. அதில் ஒரே ஒரு சிறு பொருள் மீந்திருந்தாலும் முழு அரீனாவும் இயங்குதளத்துக்குத் திரும்பாது. டெல் போட்டோம், ஜிசி.கலெக்ட் அழைத்தோம், அளவு இறங்கவில்லை என்று சலிக்கும் பலருக்கும் நடப்பது இதுதான். அந்த இடம் வீணாகவில்லை. அடுத்த பொருள்களுக்குப் பயன்படும். ஆகவே அது ஒரு மட்டத்தில் நிற்கும்.

பல திரெட்கள் ஓடும் நிரலில் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் சொந்த அரீனாக்களும் சேர்ந்து வீங்கும். மாலாக்-அரீனா-மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 என்று வைத்துப் பாருங்கள். பல இடங்களில் கண்கூடாகக் குறையும். எப்போதாவது ஒருமுறை பெருந்தரவு கையாளும் வேலை என்றால் அதைத் தனி ப்ராசஸில் ஓட்டுவதே சுத்தமான வழி. ப்ராசஸ் முடிந்தால் நினைவகம் முழுதும் திரும்பும். மல்டிப்ராசசிங் பூலில் மேக்ஸ்டாஸ்க்ஸ்பெர்சைல்ட் இருப்பது இதற்காகத்தான்.

செக்மென்டேஷன் ஃபால்ட்

தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதற்காக நிரல் கொல்லப்படுவது இது. தூய பைத்தான் நிரல் இப்படிச் சாவது அபூர்வம். சி எக்ஸ்டென்ஷனில் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை (ஒரு பொருளை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்ற கணக்கு) பிசகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டே தேடலாம். "-எக்ஸ் டெவ்" போட்டு ஓட்டினால் இரண்டு உதவிகள் சேர்ந்து வரும்: சாகும்போது பைத்தான் ட்ரேஸ்பேக்கை அச்சிடும் ஃபால்ட்ஹேண்ட்லர், நினைவகத்தின் ஓரங்களைச் சோதிக்கும் ஒதுக்கி. ட்ரேஸ்பேக் காட்டும் வரியைக் குற்றவாளி என்று உடனே முடிவு செய்யாதீர்கள். எண்ணிக்கை பிசகியது ஒரு மணிநேரம் முன்பாக இருக்கலாம். குப்பை அகற்றி அந்தப் பொருளைத் தொட்ட கணத்தில்தான் வெடிக்கும். ஹெக்ஸ் மதிப்புகளில் டிடி டிடி டிடி என்று கண்டால் ஏற்கெனவே விடுவித்த நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. எஃப்டி என்ற காவல் பைட்கள் அழிந்திருந்தால் ஒதுக்கிய எல்லையைத் தாண்டி எழுதியிருக்கிறது.

சி எழுதுபவர்கள் விழும் பழைய குழி: பைலிஸ்ட்-கெட்ஐட்டம் தருவது இரவல் ரெஃபரன்ஸ், அது எண்ணிக்கையைக் கூட்டாது. அதை வாங்கிக்கொண்டு லிஸ்ட்டின் வேறோர் இடத்தில் புதிதாக ஒன்றை வைத்தால், அங்கே இருந்த பழைய பொருளின் அழிப்பான் ஓடலாம். அந்த அழிப்பான் உங்கள் இரவல் பொருளையும் லிஸ்ட்டிலிருந்து நீக்கிவிடலாம். எதுவும் தவறாக எழுதாதது போலவே நிரல் இருக்கும், ஆனால் கையில் இருப்பது செத்த பொருள். இரவல் வாங்கியதை அடுத்த அழைப்புக்குப் பிறகும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் உடனே எண்ணிக்கையைக் கூட்டி, முடித்ததும் குறைத்துவிடுங்கள்.

நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவியைப் போட்டுப் பார்ப்பதானால் பைத்தான்மாலாக் மாறியை "மாலாக்" என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் சிறு பொருள்கள் எல்லாம் அரீனாக்களுக்குள் ஒளிந்துகொள்ளும். வால்கிரைண்ட் எதையும் பிரித்துக் காட்டாது.

பிழை நூலகத்திலோ பைத்தானிலோதான் என்று தெரிந்து புகார் எழுதும்போது மூன்றைச் சேர்த்து அனுப்புங்கள்: "பைத்தான்3 -விவி" (இரண்டும் பெரிய எழுத்து) தரும் முழுப் பதிப்பு வரி, பெரிய ஐ போட்டு ஓட்டினாலும் பிழை வருகிறதா என்ற பதில், வேறு நூலகம் எதுவும் வேண்டாத இருபது வரிக்குள்ளான நிரல். கசிவு என்றால் எத்தனை சுற்றில் எத்தனை கேபி ஏறியது என்ற எண்ணையும் எழுதுங்கள். சரிசெய்பவர் தன் கணினியில் அதே எண்ணை எடுத்துப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவார்.